விரல் அசையாமல் வாசித்த பியானோ

மனத்துக்குள்ளேயே பழகினால் கை தேர்ந்துவிடும் என்று சொல்கிறவர்கள் தவறாமல் சாட்சிக்கு இழுப்பது, 1995இல் ஆல்வரோ பாஸ்குவல்-லியோன் குழு வெளியிட்ட பியானோ ஆய்வை. பியானோ தெரியாதவர்களுக்கு ஐந்து விரல் பயிற்சி ஒன்று தரப்பட்டது. ஒரு குழு ஐந்து நாள், தினம் இரண்டு மணி நேரம் வாசித்தது. இன்னொரு குழு அதே நேரம் விரலை அசைக்காமல், வாசிப்பதாக நினைத்துக்கொண்டது. இரு தரப்புக்கும் மூளையில் அந்த விரல்களை இயக்கும் பகுதி விரிந்திருந்தது.

மேடைப் பேச்சாளர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்வார்கள். மிச்சமும் இருக்கிறது. நினைத்துப் பழகியவர்களின் ஐந்தாம் நாள் வாசிப்பு, வாசித்துப் பழகியவர்களின் மூன்றாம் நாள் தரத்தில்தான் இருந்தது. அவர்களும் இரண்டு மணி நேரம் கையால் வாசித்த பிறகே எட்டிப்பிடித்தார்கள். மனப்பயிற்சி மிச்சப்படுத்துவது கையால் பழகும் நேரத்தை மட்டும்தான்.

மனப்பயிற்சிக்கு இன்னொரு சாட்சியும் உண்டு. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் நீச்சல் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்த நிலையிலும், கைவீச்சுகளை எண்ணியே 200 மீட்டர் பட்டர்ஃபிளையில் உலக சாதனையோடு தங்கம் வென்றார் மைக்கேல் ஃபெல்ப்ஸ். பந்தயத்தை மனத்தில் ஓட்டிப் பார்க்கப் பழக்கியவர் அவருடைய பயிற்சியாளர் பாப் பௌமன். ஆனால் அந்த எண்ணிக்கை ஆண்டுக்கணக்காக நீந்திய உடம்பில் ஏறியது. நீந்தாதவன் ஓட்டிப் பார்த்தால் அது வெறும் சினிமா.

மனக்காட்சியின் பெரிய ஓட்டை, அதில் செய்யும் தப்பைப் பிடிக்க ஆளில்லை என்பது. மிருதங்க வகுப்பில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். வாசிக்கும் முன் தாளம் போட்டுக்கொண்டு சொல்கட்டை வாயால் சொல்ல வேண்டும். ஓர் எழுத்து சறுக்கினால் குருவின் காதில் விழும். தாளம் தொடங்கும் இடமான சமத்துக்கு வந்து சேராவிட்டால் மாணவனுக்கே தெரியும். ஆனாலும் இடப்பக்கத் தொப்பியில் இடக்கை எவ்வளவு அழுத்த வேண்டும் என்பதை வாய் சொல்லித் தராது.

தொழில்நுட்பம் கைகொடுப்பதும் தப்பைப் பிடிப்பதில்தான். 2002இல் வெளியான யேல் பல்கலைக்கழக ஆய்வில், சிமுலேட்டரில் பழகிய இளம் அறுவை மருத்துவர்கள் பித்தப்பையை 29 சதவீதம் வேகமாகப் பிரித்தெடுத்தார்கள். பழகாதவர்கள் பித்தப்பையைக் காயப்படுத்தவோ வேறு திசுவைச் சுடவோ ஐந்து மடங்கு வாய்ப்பு அதிகம். இத்தனைக்கும் அந்தத் திரையில் பித்தப்பையே கிடையாது, வெறும் வடிவங்கள். தொடு உணர்வும் இல்லை. 'நிஜம் மாதிரியே இருக்கும்' என்று மெய்நிகர் தலைக்கவசம் விற்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். அங்கே பயன் தந்தது, தேர்ந்த மருத்துவரின் அளவை எட்டும்வரை விடாமல் பழக வைத்ததுதான் என்பது என் கணிப்பு.

இயந்திரம் தப்பைப் பிடிப்பதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. ஒவ்வொரு முயற்சிக்கும் இயந்திரம் உடனே சரி, தப்பு சொன்னால் பயிற்சியின்போது கை நன்றாகத் தேறும். அந்தக் குரல் நின்றதும் தடுமாறும். ஆய்வாளர்கள் சால்மோனி, ஷ்மிட், வால்டர் மூவரும் 1984லேயே எச்சரித்த விஷயம். திருத்தத்தை இடைவெளிவிட்டுச் சொல்லும்படி இயந்திரத்தை அமைத்தால் இது குறையும்.

நம் ஊர் டிரைவிங் ஸ்கூல்களிலும் சிமுலேட்டர் வரத் தொடங்கியிருக்கிறது. கிளட்சைப் பாதியில் நிறுத்தி வண்டி நகரும் அந்தப் புள்ளியைக் கால்தான் கற்க வேண்டும். கியர் மாற்றும் வரிசை, கண்ணாடி பார்க்கும் பழக்கம் இவற்றுக்கு சிமுலேட்டர் போதும். ஆனால் பயிற்சி அங்கே இன்னமும் நாள் கணக்கில்தான் விற்கப்படுகிறது. எந்த அளவை எட்டினால் ரோட்டில் இறக்கலாம் என்று கேட்டால், பெரும்பாலும் ஆர்.டி.ஓ. தேர்வுத் தேதிதான் பதிலாக வரும்.