பதிகம் பெறாத பாடாண்

பாடிப் பரிசில் பெறுதலைத் தமிழ் மரபு இழுக்கெனக் கொண்டதில்லை. பாடாண் என ஒரு திணையே வகுத்துப் போற்றியது. இன்று கிடைக்கும் பதிற்றுப்பத்தின் எட்டுப் பத்துக்களுக்கும் உரிய பதிகங்கள், பாடினார் யார், பாடப்பெற்றான் யாவன், பெற்ற பரிசில் யாது என்பவற்றை வெளிப்படக் கூறுகின்றன. ஏழாம் பத்தைப் பாடிய கபிலர்க்குச் செல்வக்கடுங்கோ வாழியாதன் நூறாயிரங் காணம் ஈந்ததோடு, நன்றா என்னும் குன்றேறிக் கண்ணுக்கெட்டிய நாட்டையும் கொடுத்தான் என்பது பதிகச் செய்தி. அதனை அறிந்தே கபிலரைப் படிக்கின்றோம்; அவர் பெருமை அணுவளவும் குறைந்திலது.

இம்மரபிற் பயின்ற கண்ணுடன், தொண்டர்கள் எழுதும் விக்கிப்பீடியா என்னும் இணையக் கலைக்களஞ்சியத்தை நோக்குவாம். 2001-இல் ஆங்கிலத்திலும் 2003-இல் தமிழிலும் தோன்றிய இதனுள் புனைபெயரோடு யாவரும் எழுதலாம். கூலி பெற்று எழுதுதலையும் அது முற்றும் விலக்கவில்லை. 2014 சூனில் திருத்தப்பெற்ற அதன் விதி, கூலி பெறுவோர் தம்மை அமர்த்தியவர் யார், யார்பொருட்டு எழுதுகின்றனர், அவரோடு தமக்குள்ள தொடர்பு யாது என்பவற்றை வெளியிடவேண்டும் என்கின்றது. பதிகத்தைப் பாடியவனே எழுதித் தருக என்பதே இதன் கருத்து. பரிசிலன்று, பரிசிலைக் கரத்தலே குற்றம்.

இஃது ஏட்டளவில் நிற்கும் சிக்கல் எனச் சிலர் கருதலாம். மீஞ்சூர்க்கும் பொன்னேரிக்கும் இடையே புகைவண்டி நிற்கும் அனுப்பம்பட்டிலிருந்து நோக்குவார் அங்ஙனம் கருதார். அதற்கு வடகிழக்கே பழவேற்காட்டு ஏரியும் மீனவர் குப்பங்களும் உள. கிழக்கே கடலோரத்தில் காட்டுப்பள்ளித் துறைமுகம் உளது. 2018-இல் அதானி குழுமத்தின் கைக்கு வந்த அத்துறைமுகத்தின் கொள்ளளவை ஆண்டுக்கு 24.65 மில்லியன் டன்னிலிருந்து 320 மில்லியன் டன்னாகவும், பரப்பினை 330 ஏக்கரிலிருந்து 6,111 ஏக்கராகவும் விரிக்கத் திட்டம் வகுக்கப்பெற்றது. 2021 சனவரியிலும் 2023 செப்டம்பரிலும் குறிக்கப்பெற்ற கருத்துக் கேட்புக் கூட்டங்கள் ஒத்திவைக்கப்பெற்றன. அத்தகைய கூட்டத்தில் எழுந்து பேச விழையும் குப்பத்து மாணாக்கன் ஒருவன், துறைமுகத்தை உடையார் யாவர், எத்தகையோர் என அறிய முதலில் நாடுவது இக்கலைக்களஞ்சியத்தையே.

அவ்வுடையாரைப் பற்றிய பக்கங்கள் குறித்து, விக்கிப்பீடியத் தொண்டர்களே நடத்தும் 'சைன்போஸ்ட்' இதழ் 2023 பிப்ரவரி 20-இல் ஒரு கட்டுரை வெளியிட்டது. அதானி குடும்பத்தையும் அதன் தொழில்களையும் பற்றிய ஒன்பது கட்டுரைகளை ஆக்கியோருள்ளும் திருத்தியோருள்ளும் நாற்பதின்மருக்கு மேற்பட்டோர் கள்ளக் கணக்கினர் அல்லது கூலியை மறைத்தோர் என்பதும், அவருட் பலர் புகழுரைகளைப் புகுத்தினர் என்பதும் அதன் கூற்று. அதனைக் கூற்றாகவே கொள்கின்றோம். ஏவினார் இன்னார் என யாம் முடிபு கட்டவில்லை. மறைந்து எழுதுவோரைக் கண்டறிதல் எளிதன்று. ஐ.ஐ.பி.எம். என்னும் தனியார் மேலாண்மைக் கல்லூரி பற்றிய கட்டுரையைச் சார்புடன் திருத்தி வந்ததாகக் கண்டு, 'வைஃபியோன்' என்னும் புனைபெயரினரை நடுவர் குழு 2015 பிப்ரவரியில் விலக்கியது. அவரோ விக்கிப்பீடியத்தின் நிருவாகிகளுள் ஒருவராகவே இருந்தவர்!

இடைச்செருகலை ஆராய்ந்து பழகிய நமக்கு இதனுள் கற்கத்தக்கது உண்டு. ஓலையில் செருகியவன் நூலாசிரியன் குரலைப் போலி செய்தான். ஈண்டுச் செருகுபவன் எவர் குரலும் அல்லாத குரலைப் போலி செய்கின்றான். நடுநிலை என்னும் நடையே அவனுக்குப் போர்வையாகின்றது. பாடாண் பாட்டைப் புகழ்ச்சி என்றறிந்தே படிக்கின்றோம். களஞ்சியக் கட்டுரைக்கு அவ்வகைத் திணைக்குறிப்பு இல்லை. 'முன்னணி', 'புகழ்மிக்க' போன்ற அடைமொழிகளைப் பயின்றவன் எளிதிற் களைவான். கொடியது நீக்கமே. வழக்கொன்றைக் குறித்த தொடர் எடுக்கப்பட்டபின் பக்கத்தில் வடு யாதும் தெரிவதில்லை.

ஆயினும் ஓலைக்கு இல்லாத வாய்ப்பொன்று இதற்கு உண்டு. ஒவ்வொரு திருத்தமும் நாளும் கணக்கின் பெயரும் உடன்வரத் திருத்த வரலாற்றில் நிற்கின்றது. உ. வே. சாமிநாதையர் ஊரூராய் அலைந்து தொகுத்த பாடவேறுபாடு போல்வன இங்கு ஒரே இடத்தில் உள்ளன. படிப்பார்தாம் அரியர்.

புனைபெயரையே ஒழித்தல் வேண்டும் என்பாரோடு யாம் உடன்படோம். செம்புலப்பெயனீரார் என்பது பாட்டின் தொடரால் அமைந்த பெயரே. இயற்பெயர் அறியாமையால் அக்குறுந்தொகைப் பாட்டு ஐயத்துக்கு இடமாகவில்லை. வேண்டுவது பெயரன்று, பரிசிற் செய்தி. பழவேற்காட்டு மீனவரின் பாட்டுமுறையிலும், ஏரியின் எப்பகுதியில் எவர் முறை என்பது ஊரறிய நிற்பதாலேயே பொதுநீர் பொதுவாய் இருக்கின்றது. பாடியவன் பதிகம் தாரானாயின் பின்வந்தோர் சேர்த்தல் வேண்டும். பதிற்றுப்பத்தின் பதிகங்களும் பாடிய புலவர் வாக்கல்ல, பிற்காலத்தார் சேர்த்தனவே என்பர். கூலி ஐயமுள்ள கட்டுரையின் தலைப்பில் தொண்டர்கள் இடும் எச்சரிக்கைக் குறிப்பை யாம் அவ்வினத்ததாகவே கொள்கின்றோம். மூலபாட ஆய்வு பயிலும் முதுகலை மாணவர்க்கு, மேற்கூறிய ஒன்பது ஆங்கிலக் கட்டுரைகளுள் ஒன்றன் திருத்த வரலாற்றைப் பாடவேறுபாட்டுப் பயிற்சியாகத் தரலாம். சேர்த்தவற்றை ஒரு நிரலிலும் நீக்கியவற்றை மற்றொரு நிரலிலும் எழுதுவித்து, இரண்டாம் நிரலை முதலிற் படிப்பித்தல் நன்று.