மீனாட்சிக்குச் சிறுதேர் இல்லை

கிராமத்துப் பிள்ளைப் பருவத்தைப் பற்றித் தமிழில் எழுதப்படும் நினைவுக் கட்டுரைகளில் மரத்தால் செய்த விளையாட்டுப் பொருள்களுக்கு நிலையான ஓர் இடம் உண்டு. கொய்யாக் கவட்டையில் செய்த உண்டிவில், இருமுனையும் சீவிய கிட்டிப்புள், நுங்குக் கூந்தல் இரண்டைக் குச்சியில் கோத்து ஓட்டிய வண்டி. எதையும் கடையில் வாங்கவில்லை, நாங்களே செய்துகொண்டோம் என்ற பெருமிதத்தோடு அந்தப் பகுதி முடியும். நான் இக்கட்டுரைகளை விரும்பிப் படிப்பவள்; வகுப்பில் நடத்துபவளும்கூட. ஆனாலும் அந்த ‘நாங்கள்’ என்ற சொல்லைத் தாண்டிப் போக எனக்கு எப்போதும் சற்று நேரமாகிறது. தமிழில் தன்மைப் பன்மைக்கு ஆண்பால் பெண்பால் வேறுபாடு இல்லை. ‘நாங்கள் செய்தோம்’ என்று எழுதிவிட்டால் யார் செய்தார்கள், யார் பக்கத்தில் நின்று பார்த்தார்கள் என்று இலக்கணம் கேட்காது. நாம்தான் கேட்க வேண்டும்.

நான் வளர்ந்தது தூத்துக்குடிப் பக்கத்துப் பனங்காட்டு ஊரில், 1980களில். நுங்கு வண்டி செய்யும் முறை எனக்கு இன்றும் வரி வரியாகத் தெரியும். நுங்கு உறிஞ்சிய கூந்தல்களில் ஒரே அளவாக இரண்டைப் பொறுக்க வேண்டும். நடுவில் செருகும் குச்சி வளையாததாக இருக்க வேண்டும். தள்ளும் கம்பின் கவை அந்தக் குச்சியில் சிக்காமல் உருள வேண்டும். இத்தனையும் அண்ணன் செய்ததைப் பார்த்துத் தெரிந்துகொண்டவை. கம்பை நானே சீவலாம் என்று ஒருமுறை அரிவாளை எடுத்தபோது ஆச்சி சொன்னது: “ஏளா, அருவாளக் கீழ போடு. பொம்பளப்பிள்ளைக்கு அது எதுக்கு?”

கை வெட்டுப்பட்டுவிடும் என்ற பயம் என்றுதான் யாரும் இதற்கு விளக்கம் சொல்வார்கள். ஆனால் அதே வயதில் நான் அரிவாள்மனையில் வெங்காயம் அரிந்தேன். கதிரரிவாளோடு ஆட்டுக்குப் புல்லறுக்கப் போனேன். அடுப்புக்கு உடைமரச் சுள்ளி வெட்டிக் கட்டிச் சுமந்தேன். கூரான இரும்பு என் கையில் இருப்பதைப் பற்றி வீட்டில் ஒருவருக்கும் கவலை இருந்ததில்லை. அந்த இரும்பைக் கொண்டு எனக்காக, என் விளையாட்டுக்காக ஒன்றைச் செய்துகொள்வதுதான் ஆகாது. நிறையப் பெண்களின் பிள்ளைப் பருவத்தில் இந்த வேறுபாடு இருக்கிறது. நம் நினைவு எழுத்தில் அது பதிவாகவே இல்லை.

பெண்பிள்ளைகளுக்கு மரப் பொருள்களே இல்லை என்று சொல்ல மாட்டேன். மரப்பாச்சி உண்டு, பல்லாங்குழி உண்டு, அம்பாசமுத்திரத்தில் கடைசல் பிடித்து அரக்குச் சாயம் ஏற்றிய சொப்புகள் உண்டு. இவை மூன்றும் முழுதாகச் செய்து முடிக்கப்பட்டு நம் கைக்கு வருபவை. கொடுக்கப்படுபவை, பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டியவை. சொப்பைப் பிரித்து வரிசையாக வைத்துப் பாருங்கள்: பானை, அடுப்பு, அம்மி, உரல், திருகை. ஒரு பெண் வளர்ந்து செய்யப்போகும் வேலைகளின் முழுப் பட்டியலும் உள்ளங்கை அளவில் இருக்கும். நமக்குக் கிடைத்த பொம்மையோடு நாம் செய்யக்கூடியது அதற்குள் வேறொரு உயிரைக் கற்பனை செய்வதுதான். உமா மகேஸ்வரியின் ‘மரப்பாச்சி’ சிறுகதை இந்த இடத்தைச் சரியாகத் தொடுகிறது. வளரும் பெண்ணொருத்தி பழைய மரப்பொம்மையைத் தன் தனிமைக்கு ஏற்ப மனத்துக்குள் மாற்றிக்கொண்டே போகிறாள். செதுக்கக் கருவி கிடைக்காதவள் கற்பனையால் செதுக்குகிறாள் என்று நான் அதைப் படிக்கிறேன்.

இந்தப் பிரிவினை எப்போது தொடங்குகிறது? நடைவண்டிக்குப் பால் வேற்றுமை கிடையாது. அண்ணன் தள்ளிய அதே மூன்று சக்கர வண்டியைப் பிடித்துத்தான் தங்கையும் நடை பழகுகிறாள். அவள் நடந்து பழகிய பிறகே பாதை பிரிகிறது. பிள்ளைத்தமிழ் இதை அப்படியே இலக்கண வரம்பாக வைத்திருக்கிறது. காப்பு முதல் அம்புலி வரை ஏழு பருவங்கள் இருபாலுக்கும் பொது. கடைசி மூன்று வேறு வேறு. ஆண்பிள்ளைக்குச் சிற்றில் சிதைத்தல், சிறுபறை முழக்கல், சிறுதேர் உருட்டல். பெண்பிள்ளைக்கு அம்மானை, நீராடல், ஊசல்.

குமரகுருபரர் இரண்டு வகையிலும் பாடியவர் என்பதால் ஒப்பிட வசதியாக இருக்கிறது. வைத்தீசுவரன் கோயில் முருகனைப் பாடிய முத்துக்குமாரசாமி பிள்ளைத்தமிழில் குழந்தை சிறுதேரை உருட்டுகிறது. மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழில் குழந்தை ஊசலாடுகிறது. மீனாட்சி யார்? பாண்டிய நாட்டுக்கு முடிசூடிப் படை நடத்தித் திக்குவிஜயம் போனவள் என்பது மதுரைப் புராணம். சித்திரைத் தேரோட்டத்தில் அவளுக்கென்று தனித் தேர் ஓடுகிறது. பெரிய தேருக்கு உரியவளுக்கும் பிள்ளைப் பருவத்தில் சிறுதேர் இல்லை. ஊசல் எவ்வளவு உயரம் போனாலும் கட்டிய இடத்துக்கே திரும்பி வரும். தேர் தெருவைக் கடந்து போகும். இது பாட்டியல் நூல்கள் வகுத்த மரபு, புலவரின் குற்றமல்ல என்று மாணவர்கள் சொல்வதுண்டு. உண்மைதான். மரபு என்பதால்தான் இதைப் படிக்க வேண்டியிருக்கிறது. ஒரு தனிப் புலவரின் ஓரவஞ்சனையாக இருந்தால் கடந்து போய்விடலாம்.

சிற்றில் பருவத்தில் இன்னொன்றும் இருக்கிறது. அங்கே சிறுமியர் மணலில் வீடு கட்டியிருக்கிறார்கள். ஆண்குழந்தை காலால் அதை அழிக்க வருகிறது. அழிக்காதே என்று அவர்கள் கெஞ்சுகிறார்கள். கட்டியது பெண்பிள்ளைகள், பருவத்தின் பெயரோ அழிப்பவனுக்குப் போகிறது.

பெண்பிள்ளைகள் செய்பவர்களாக இருந்ததற்குச் சான்று சங்கப் பாடல்களிலேயே நிறைய. குறுந்தொகை 61ஆம் பாடலில் வரும் விளையாட்டு வண்டி தச்சன் செய்தது. சிறுவர் அதைக் கையால் இழுத்து மகிழ்கிறார்கள், அவ்வளவே. ஆனால் வண்டல் மணலிலும் பஞ்சாய்க் கோரையிலும் பாவை செய்பவர்கள் பெண்கள், தங்கள் கையாலேயே. வண்டல் பாவையைக் கொண்டுபோன கடலை மணல் வீசித் தூர்க்கப் பார்க்கும் ஒருத்தி ஐங்குறுநூற்றில் இருக்கிறாள். தான் செய்ததன் மதிப்புத் தெரிந்தவளுக்குத்தான் அந்தக் கோபம் வரும். எங்கள் ஊரிலும் ஓலைக் காற்றாடி, ஓலைக் கிலுக்கு, களிமண் அடுப்பு, துணிப் பொம்மை, பூவரச இலைப் பீப்பி எல்லாம் நாங்கள் செய்தவைதான். ஓலை ஒரு வாரத்தில் காய்ந்து முறியும், இலை அரைநாளில் வாடும், களிமண் மழையில் கரையும். மரம் மிஞ்சியது, மிஞ்சியதைத்தான் ‘நாங்களே செய்தோம்’ என்ற கணக்கில் எழுதினார்கள். நம்முடையது பொழுதுபோக்கு என்று நின்றுவிட்டது.

அந்தக் கணக்கைத் திருத்திய கவி ஆண்டாள். நாச்சியார் திருமொழியின் இரண்டாம் பத்து முழுவதும் சிற்றிலைச் சிதைக்காதே என்று கண்ணனிடம் பேசுவது. பக்திச் சுவைக்காகவே அதைப் பாராட்டிப் பழகியிருக்கிறோம். நான் அதில் உழைப்பைப் பார்க்கிறேன். நாள் முழுக்க உட்கார்ந்து இழைத்ததையும், அதனால் முதுகு வலிப்பதையும் அந்தச் சிறுமியர் சொல்லிக்காட்டுகிறார்கள். மணல் வீடானாலும் அதற்குச் செலவான உடம்பின் கணக்கு அவர்களிடம் இருக்கிறது. பெண்ணின் விளையாட்டும் ஒரு செய்கை, அதற்கும் கைத்திறன் உண்டு, அதை அழிப்பவன் கடவுளே ஆனாலும் பதில் சொல்ல வேண்டும் என்ற குரல் அது.

இன்று மரப் பொம்மைகள் திரும்ப வருகின்றன. நெகிழி வேண்டாம், மரபு வேண்டும் என்று மரப்பாச்சியும் சொப்பும் நல்ல விலைக்கு விற்கின்றன. எனக்கும் அதில் மகிழ்ச்சியே. ஆனால் மகளுக்குச் சொப்பும் மகனுக்கு வண்டியும் வாங்கினால் நெகிழி மட்டும்தான் மாறியிருக்கும். பழைய பிரிவினை புது அரக்குச் சாயத்தோடு வீட்டுக்குள் வந்துவிடும். மகளுக்கு வாங்குவதற்கு முன் ஒரு சிறு கத்தியும் ஒரு முருங்கைக் குச்சியும் கொடுத்துப் பாருங்கள். அவள் செய்வது வண்டியாக வராமலும் போகலாம். பரவாயில்லை.

மாணவிகளிடம் ஒரு வேலையும் கேட்பேன். உங்கள் அம்மாவிடமும் ஆச்சியிடமும் என்ன பொம்மை வைத்திருந்தீர்கள் என்று கேட்காதீர்கள். என்ன செய்தீர்கள், எதனால் செய்தீர்கள், எந்தக் கருவியால் வெட்டினீர்கள், அது எத்தனை நாள் தாங்கியது என்று கேட்டு எழுதுங்கள். அரை நாளில் வாடிய பூவரச இலையானாலும் செய்தவளின் பேரோடு எழுதுங்கள்.