கூலியும் அஜ்ரும்: சொல்லின் வேரில் எதைத் தேடுவது?

சொல்லின் வேரைத் தோண்டி மெய்ப்பொருள் காண்பது நமக்குப் புதிதல்ல. 'இன்ஸான்' என்ற சொல்லை மறதியைக் குறிக்கும் 'நிஸ்யா'னோடும், நேசத்தைக் குறிக்கும் 'உன்ஸோ'டும் சேர்த்து அரபு அறிஞர்கள் விளக்கியிருக்கிறார்கள். புரண்டுகொண்டே இருப்பதால் இதயத்துக்குக் 'கல்ப்' என்று பெயர் என்பார்கள். கேட்க இனிக்கும். ஆனால் இந்த முறையை ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் கொண்டுபோகும்போது கொஞ்சம் நிதானம் வேண்டும்.

'லயம்' என்ற சொல்லை எடுங்கள். வடமொழியில் அதற்கு ஒடுங்குதல், ஒன்றிக்கலத்தல் என்று பொருள். "ஸூபிகள் சொன்ன ஃபனாவும் இதுதானே" என்று எழுத யாருக்கும் ஆசை வரும். தோட்டத்து லயமோ 'லைன்' என்ற ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. ஒரே கூரையின்கீழ் வரிசையாகக் கட்டிய அறைகள், அறைக்கொரு குடும்பம். அந்த நெருக்கடிக்கு மெய்ஞ்ஞானச் சாயம் பூசுவது ஆராய்ச்சியும் ஆகாது, ஆன்மிகமும் ஆகாது. ஒலி ஒத்துப்போனால் மட்டும் போதாது. அந்தச் சொல்லை யார், யாரைப் பார்த்து, எதற்குச் சொன்னார்கள் என்றும் கேட்க வேண்டும்.

அப்படிக் கேட்டால் 'கூலி' வேறு கதை சொல்லும். குறள் 619 உழைப்பின் பயனைக் கூலி என்றே சொல்கிறது. ஆங்கிலக் 'கூலி'க்குக் குஜராத்தின் 'கோலி' இனப்பெயரே மூலம் என்போரும் உண்டு. ஆனால் கோப்பிக் காலம் முதல் தமிழ்நாட்டிலிருந்து ஆள் இறங்கிய மலையகத்தில் நம் 'கூலி'யின் தொடர்பை யாரும் மறுக்க முடியாது. தமிழில் அது உழைத்தவர் கைக்கு வரும் பணம். துரைமார் ஏட்டில் அதுவே உழைத்தவரின் பெயராகிவிட்டது. கொடுக்கவேண்டிய கடன், மனிதனுக்கு இடும் வசைச்சொல்லாக மாறியது.

அல்குர்ஆனின் 'அஜ்ர்' இதற்கு நேர் எதிர்த் திசையில் நடக்கிறது. மூஸா (அலை) அவர்கள் மத்யனில் வேலைக்கு அமர்ந்த வரலாற்றிலும் (28:25–27), பாலூட்டும் தாய்க்குக் கொடுக்கவேண்டிய ஊதியத்திலும் (65:6) வருவது இதே வேர்ச்சொல். அல்லாஹ் மறுமையில் தரும் வெகுமதிக்கும் அதுதான் சொல். நம் மொழிபெயர்ப்பாளர்கள் 'நற்கூலி' என்று எழுதியது எவ்வளவு பொருத்தம்! இறைவன் தன் கொடைக்குத் தேர்ந்த சொல் கூலிக்காரரின் சொல். வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொல்லும் நபிமொழியை இந்த வேரோடு சேர்த்து வாசிக்க வேண்டும்.

தோட்டத்தில் இன்னொரு சொல் உண்டு: 'பேர்'. ஒருநாள் வேலை ஒரு பேர். கொழுந்து குறித்த கிலோவுக்குக் குறைந்தால், "இன்னைக்கு அரைப்பேர்தான் விழுந்துச்சு" என்பார்கள். செக்ரோலில் மனுசி பாதியாகிறாள். அணுவளவு நன்மையும் விடுபடாது (99:7) என்று நம்புகிறவர்கள் இந்தப் பாதிக் கணக்கைக் கேட்டும் கேளாததுபோல் இருக்கலாமா? நாளுக்கு 1,000 ரூபாய் என்ற கோரிக்கையே பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு 2021இல்தான் வர்த்தமானியில் ஏறியது. அந்தக் கூலியை நம்பித்தான் மலையகப் பட்டணங்களில் நம்மவர் கடைகளும் பற்றுக்கொப்பிகளும் இருக்கின்றன.

வேர்ச்சொல் ஆய்வைக் கைவிடச் சொல்லவில்லை. அஜ்ரின் வேரை அறிந்தவர், கூலி கொடுக்கும்போதும் பற்றுக்கணக்கு எழுதும்போதும் அதை நினைக்கட்டும். சொல்லாராய்ச்சி அமலாவது அங்கேதான்.