வாங்கியவர் பெயர், கட்டியவர் பெயர்

அன்னபூரணி என்ற பாய்க்கப்பலின் கதை வருஷத்துக்கு இரண்டு தடவையாவது என் போனுக்கு வந்துவிடுகிறது. 'தமிழன் கட்டிய கப்பல் அமெரிக்கா போன கதை' என்கிற மாதிரி ஒரு தலைப்பு, ஒரு கறுப்பு வெள்ளைப் படம், கீழே வரிசையாகக் கைகூப்பும் பொம்மைகள். கதை உண்மைதான். எனக்குப் பிரச்சினை கதையோடு இல்லை, அதைச் சொல்கிற முறையோடு.

தெரியாதவர்களுக்காக முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்தின் வட கரையில் இருக்கிற வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட கப்பல் அன்னபூரணி அம்மாள். இரண்டு பாய்மரம், சுமார் 90 அடி நீளம், வேப்பமரத்தில் செய்தது. அந்த ஊர்க் கப்பல்கள் நாகப்பட்டினம், கடலூர், ரங்கூன் என்று சரக்கு ஏற்றி ஓடியவை. வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர் 1930களில் இந்தக் கப்பலை விலைக்கு வாங்கினார். ஆள் லேசுப்பட்டவர் இல்லை. 1928 முதல் 1931 வரை ஸ்வாப் என்கிற 32 அடிப் படகில் உலகத்தைச் சுற்றி வந்து, அதைப் புத்தகமாகவும் எழுதியவர்.

வாங்கியதும் கப்பலுக்குத் தன் மனைவியின் பெயரை வைத்தார்: ஃப்ளோரன்ஸ் சி. ராபின்சன். நடுவில் நிற்கும் 'சி', கிரேன் என்ற குடும்பப் பெயர். குழாய், வால்வு, குளியலறைச் சாமான் செய்து பெரும் பணம் சேர்த்த சிகாகோ குடும்பம் அது. வல்வெட்டித்துறைக் கடலோடிகள், தம்பிப்பிள்ளை தண்டையல் தலைமையில் (தண்டையல் என்றால் கப்பலை நடத்துகிறவர்), அந்தக் கப்பலைச் சூயஸ் கால்வாய் வழியாக மத்தியதரைக் கடலுக்குள் கொண்டுபோய், ஜிப்ரால்டரைத் தாண்டி, அட்லாண்டிக்கையும் கடந்து, 1938 ஆகஸ்டில் மாசசூசெட்ஸின் குளோஸ்டர் துறைமுகத்தில் கொண்டு நிறுத்தினார்கள்.

இப்போது அந்தப் பகிர்வுப் பதிவுகளை இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். ராபின்சனுக்கு ஒரு பத்தி. பணக்கார மனைவிக்கு ஒரு பத்தி. அமெரிக்கர்கள் வியந்து பார்த்ததற்கு ஒரு பத்தி. கட்டினவர்களுக்கு? 'நம் முன்னோர்' என்று இரண்டே வார்த்தை. கப்பல் எப்படிக் கட்டப்பட்டது, வேம்பு எதற்கு, பலகைகளுக்கு இடையில் தண்ணீர் புகாமல் எதை வைத்து அடைத்தார்கள், சரக்குக் கப்பலின் பாய் அட்லாண்டிக் காற்றுக்கு எப்படித் தாங்கியது, இதில் ஒன்றுகூட வராது. வெள்ளைக்காரர் வாங்கினார், அதனால் கப்பல் நல்ல கப்பல். பெருமை என்று சொல்லிக்கொண்டு நாம் படிப்பது ஒரு விற்பனை ரசீதைத்தான்.

இது நமக்கு மட்டும் இருக்கிற வியாதி இல்லை. அன்னபூரணி கடந்து போன அதே மத்தியதரைக் கடலின் கரையில் மொனாக்கோ இருக்கிறது. அங்கே ஹெர்க்யூல் துறைமுகத்தின் பழைய யாட்டுகளைப் பற்றி எழுதுபவர்களைக் கவனித்தால், இரண்டு விதமான ஞாபகம் ஒரே துறையில் பக்கத்துப் பக்கத்தில் கட்டிக் கிடப்பது தெரியும்.

முதல் விதத்துக்கு உதாரணம் கிறிஸ்டினா. கிரேக்கக் கப்பல் அதிபர் ஒனாசிஸின் யாட். 1943இல் கனடா கடற்படைக்காகக் கட்டிய ஸ்டோர்மாண்ட் என்ற போர்க்கப்பல் அது. போர் முடிந்து காயலான் கடை விலைக்கு வந்ததை 1954இல் ஒனாசிஸ் வாங்கி, ஜெர்மனியின் கீல் நகரில் கோடிக்கணக்கில் செலவழித்து அரண்மனையாக்கி, மகள் பெயரை வைத்தார். அதைப் பற்றிப் படித்தால் சர்ச்சில் வந்தார், மரியா காலஸ் வந்தார், மதுக்கூடத்து ஸ்டூலுக்குத் திமிங்கிலத் தோல் போட்டிருந்தது என்றுதான் போகும். கனடாவின் தளத்தில் அதற்கு ஆணி அடித்த ஆளைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கப்பல் ஒரு மேடை. அதில் ஏறினவர்களின் பட்டியல்தான் சரித்திரம்.

இரண்டாவது விதத்துக்கு உதாரணம் துய்கா. மொனாக்கோ யாட் கிளப்பின் முதன்மைக் கப்பல். 1909இல் ஸ்பெயினின் ஒரு பிரபுவுக்காகக் கட்டியது. ஆனால் அதைப் பற்றி எழுதும் எவரும் பிரபுவிடம் ஆரம்பிப்பதில்லை. வில்லியம் ஃபைஃப் என்ற ஸ்காட்லாந்துக்காரர் வடிவமைத்தது என்றுதான் ஆரம்பிப்பார்கள். ஃபைஃப் பட்டறைக் கப்பல்களின் முன்பக்கத்தில் சின்னதாக ஒரு டிராகன் செதுக்கியிருக்கும். அதைப் பார்த்ததுமே விஷயம் தெரிந்தவர்களுக்குக் கை பரபரக்கும். மத்தியதரைக் கடலின் பழம் யாட் போட்டிகளை நடத்தும் அமைப்புக்குக் கறாரான விதி உண்டு: 1950க்கு முன் இறக்கியது ஒரு வகை, 1950 முதல் 1975 வரை இறக்கியது இன்னொரு வகை. கட்டியபோது இருந்த வடிவத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதையும் கணக்கில் எடுப்பார்கள். விலகினால் தண்டம். ஆக, முதல் வரைபடம் எங்கே, எந்த மரம், பாயின் அளவு என்ன என்று தேடியே ஆகணும். பணக்காரர் விளையாட்டுதான், சந்தேகமில்லை. ஆனால் அந்த விளையாட்டுக்குள் கைவேலைக்கு மரியாதை இருக்கிறது.

அன்னபூரணி துய்கா வகைக் கப்பல். நாம் அதற்குக் கிறிஸ்டினா வகைக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறோம். என் குற்றச்சாட்டு இவ்வளவுதான்.

'வரைபடம் இருந்தால்தானே துய்கா மாதிரி எழுத முடியும், நம் ஓடாவிகள் கண்ணளவில் கட்டியவர்களாச்சே' என்று கேட்கலாம். கண்ணளவு என்பது கணக்கில்லாத வேலை என்று அர்த்தம் இல்லை. கப்பல் சாத்திரம் என்று தமிழில் சுவடியாகவே ஒரு நூல் இருந்தது, பின்னால் அச்சிலும் வந்தது. எந்த மரம் ஆகும், எது ஆகாது, நீளத்துக்கு எவ்வளவு அகலம் என்றெல்லாம் பேசுகிற நூல். சோதிடமும் கலந்திருக்கும், ஆனால் அளவும் இருக்கும். அடிமரத்துக்கு ஏரா, விலா எலும்பு மாதிரி வளைந்து நிற்கும் சட்டங்களுக்கு வங்கு, இடுக்குகளில் நாரும் எண்ணெயும் சேர்த்து அடைப்பதற்குக் கலப்பத்து என்று தனித்தனிப் பெயர்கள் இருக்கின்றன. ஒரு வேலைக்குத் தனிச்சொல் இருக்கிறது என்றால், அந்த வேலையைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்த ஆட்கள் இருந்தார்கள் என்று பொருள்.

வேம்பையே எடுத்துக்கொள்ளுங்கள். கசப்பு மரம், பூச்சி சுலபத்தில் அண்டாது. அதைவிட முக்கியம், நேராக வளராமல் வளைந்து கிளைக்கும். வங்குக்கு வளைந்த கட்டைதான் வேண்டும். நேர் மரத்தை அறுத்து வளைவாக்கினால் நார் வெட்டுப்பட்டு அந்த இடத்தில் விரிசல் விடும். வளைந்தே வளர்ந்த கிளையில் நாரும் கூடவே வளைந்து ஓடும். வறண்ட யாழ்ப்பாணத்தில் கிடைக்கிற மரத்தில் எது கப்பலுக்கு ஆகும் என்று பார்த்து வைத்திருந்த கண்ணுக்கு முன்னால், வாங்கினவரின் மனைவி எந்தக் குடும்பம் என்பதெல்லாம் எனக்கு ரொம்பச் சின்ன விஷயமாகத் தெரிகிறது.

ராபின்சனைக் கதையிலிருந்து தூக்கிவிடச் சொல்லவில்லை. சின்னப் படகில் உலகம் சுற்றியவர் ஒரு கப்பலின் அடியைத் தட்டிப் பார்த்து, அட்லாண்டிக் போகும் என்று முடிவெடுத்தால், அது நல்ல சாட்சியம். சாட்சியைக் கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்கணும். அவருக்கு மாலை போட்டு அனுப்பிவிட்டால் வழக்கு அப்படியே நிற்கும். பெயர் மாற்றத்தையும் அவமானம் என்று நான் புலம்ப மாட்டேன், கப்பல் கைமாறினால் பெயர் மாறுவது உலக வழக்கம். ஆனால் சோறு போடுகிறவளின் பெயரில் ஓடிய சரக்குக் கப்பல் ஒருவரின் வீட்டுப் பெயருக்கு மாறியபோது, அது வேறு பொருளாகவே ஆகிவிட்டது. தொழில் சாமானாக இருந்தது ஆசைச் சாமானானது. கேரளத்தின் பேய்ப்பூரில் இன்றும் இது நடக்கிறது. முதலில் பலகையைப் பூட்டி, பிறகு உள்ளே சட்டம் பொருத்தி, அரபு நாடுகளுக்குச் சரக்கு சுமக்கக் கட்டிய உரு என்ற மரக்கப்பலை, இப்போது வளைகுடாப் பணக்காரர்கள் உல்லாசக் கப்பலாக வாங்குகிறார்கள். செய்தியில் வருவது எந்த ஷேக் வாங்கினார் என்பது.

இதையெல்லாம் ஒரகடத்தில் உட்கார்ந்துகொண்டு நான் ஏன் எழுதணும்? இங்கே கடல் கிடையாது. ஏரி உண்டு, நிறைய டிரெய்லர் லாரி உண்டு. ஆனாலும் இந்தக் கதை எனக்குப் பக்கத்துத் தெருக் கதையாகத்தான் படுகிறது. 2008 வாக்கில் ஐரோப்பாவில் விற்ற ஹூண்டாய் ஐ10 கார்கள் இருங்காட்டுக்கோட்டையில் செய்து சென்னைத் துறைமுகத்தில் ஏற்றியவை. 2010இல் ஒரகடத்தில் ரெனோ நிசான் ஆலை திறந்ததும், நிசான் மைக்ராக்கள் எண்ணூர் வழியாக ஐரோப்பாவுக்குப் போயின. ஜன்னலே இல்லாத அடுக்குமாடி மாதிரி இருக்கும் கார் கப்பலுக்குள் வரிசையாக ஓட்டி ஏற்றி, செங்கடல், சூயஸ், மத்தியதரைக் கடல் என்று அன்னபூரணி போன அதே பாதை. இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாயின் சேசிஸ் எண் எம்.ஏ.எல். என்று தொடங்கும். ஃபைஃப் செதுக்கிய டிராகன் மாதிரி அது ஒரு முத்திரைதான், ஆனால் அதைப் பார்த்துக் கை பரபரக்கிறவர் யாரும் இல்லை.

நம் பக்கத்துச் செய்திகளும் அன்னபூரணிப் பதிவு மாதிரியேதான் இருக்கின்றன. இத்தனை லட்சம் ஏற்றுமதி, இத்தனை நாடுகளில் ஓடுகிறது, இன்ன கம்பெனி வந்தது. யார் வாங்கினார் என்பதே பெருமை. கதவு பூட்டும்போது வரும் சத்தத்தை வைத்தே கீல் ஒரு மில்லிமீட்டர் விலகியிருக்கிறது என்று சொல்லிவிடும் ஆட்கள் இந்த ஊர் டீக்கடைகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். வேம்பின் வளைவைப் பார்த்துக் கிளை தேர்ந்தெடுத்த கண்ணுக்கு இது சொந்தம். அது எங்கேயும் பதிவாகவில்லை. ஒப்பந்தம் முடிந்தால் அவர் ஊருக்குப் போய்விடுவார், கூடவே அந்தக் காதும் போய்விடும்.

போரில் சிதறி உலகமெங்கும் போய் உட்கார்ந்த வல்வெட்டித்துறைக்காரர்களுக்கு அன்னபூரணி கதை கொடுக்கிற ஆறுதல் பெரியது. அதைக் குறைத்துப் பேச எனக்கு உரிமை இல்லை. நான் கேட்பது, அடுத்த தடவை அந்தக் கதையைப் பகிர்கிறவர் அதில் ஒரு பத்தியை மாற்றணும் என்பதுதான். ராபின்சன் பத்தியைப் பாதியாக்குங்கள். கலப்பத்துக்கு நாலு வரி கொடுங்கள். வீட்டில் ஓடாவி வேலை தெரிந்த பெரியவர் இருந்தால் அமெரிக்காவைப் பற்றி அவரிடம் கேட்காதீர்கள், எந்தக் கிளையை வெட்டுவீர்கள் என்று கேளுங்கள். அந்தப் பதிலில்தான் கப்பல் இருக்கிறது.