டிக்கியில் மாமியார்

1984-ஆம் ஆண்டுவாக்கில் அமெரிக்கக் கார்களின் பின்கண்ணாடியில், ரப்பர் உறிஞ்சியைப் பற்றிக்கொண்டு ஊசலாடத் தொடங்கிய ‘வண்டியில் குழந்தை’ என்னும் அட்டை, அந்நாட்டுச் சாலை எச்சரிக்கைப் பலகைகளின் மஞ்சள் வர்ணத்தையும் சாய்சதுர வடிவத்தையும் அப்படியே ஸ்வீகரித்துக்கொண்டிருந்தபடியால், அதைப் பரிகசிக்கப் பின்னால் வந்த ‘டிக்கியில் மாமியார்’ என்ற அட்டைக்கும் சர்க்கார் உத்தரவின் கம்பீரம் தானாகவே வாய்த்துவிட்டது. கண்ட மாத்திரத்தில் கால் பிரேக்கை நாடுகிறது. புத்தி சற்றுத் தாமதித்தே வந்து சேர்கிறது. அந்த இடைவெளிதான் ஹாஸ்யம் குடியிருக்கும் ஸ்தலம். அமெரிக்காவுக்கு மகனைப் பார்க்கப் போயிருந்த எங்கள் அத்தை, சிவப்பு விளக்கில் நின்றபோது அந்த அட்டையை எழுத்துக் கூட்டிப் படித்து, “ஐயோ பாவம், மூச்சு முட்டாதோ?” என்று கேட்டாளாம். முன்னிருக்கையில் இருந்த மருமகள் மட்டும் சிரிக்கவில்லை என்று கேள்வி.