றொசெற்றா தாப்: வரலாற்றின் விடுபாடு

றொக் இசையின் தோற்றத்தை எல்விஸ் பிறெஸ்லியிலிருந்து தொடங்கும் வரலாறுகள் றொசெற்றா தாப்பை (1915–1973) அடிக்குறிப்பாக ஒதுக்கிவிடுகின்றன. ஆர்கன்சாஸில் பிறந்த இக்கறுப்பினப் பெண் தேவாலயப் பக்திப் பாடலை மின்கிற்றாரின் துள்ளும் தாளத்தோடு இணைத்தார். குரல் எழுப்பும் வினாவுக்குக் கிற்றார் விடைபகரும் முறை அவரது தனித்துவமாகும். 1944இல் அவர் பதிவுசெய்த ‘ஸ்றேஞ்ச் திங்ஸ் ஹப்பனிங் எவ்றி டே’ பிறெஸ்லியின் முதல் இசைத்தட்டுக்குப் பத்தாண்டு முந்தியது. ஆயினும் சந்தை அதனைக் கறுப்பருக்குரிய ‘இன இசைத்தட்டு’ என வகுத்தது. திருச்சபையினரோ களியாட்டரங்குகளில் பாடியமைக்காக அவரைக் கடிந்தனர். பிறெஸ்லியை 1986இல் ஏற்ற றொக் இசைப் புகழ்மண்டபம் தாப்பை 2018இலேயே ஏற்றது. எனவே இம்மறதி தற்செயலானதன்று. இசையை நிறத்தாற் பகுத்த வணிகத்தின் விளைவாகும். அவரை முன்னோடியெனப் போற்றுவது மட்டும் போதாது. வரலாற்றின் தொடக்கமே திருத்தி எழுதப்படல் வேண்டும்.