தேயிலை நாட்டில் ஒரு பிறந்தநாள்

மலைநாட்டுக்கு இரண்டு நாள் உல்லாசப் பயணம் சென்று மீண்டோர் எழுதும் கட்டுரைகள் நமது வாரமலர்களில் ஒரு தனி எழுத்து வகையாகவே வளர்ந்துவிட்டன. அவற்றுள் பத்தினைப் படித்தவர் பதினோராவதைத் தாமே எழுதிவிடலாம். கணவனும் மனைவியும் கொழும்புக் கோட்டையிற் புகையிரதம் ஏறுவர். இருவருள் ஒருவருக்குப் பிறந்தநாள். நாவலப்பிட்டியைக் கடந்ததும் குளிர் தொடங்கும். ஹற்றனைக் கடந்ததும் மூடுபனி இறங்கும். நானுஓயாவில் இறங்கும்போது மலைமகள் பச்சைக் கம்பளம் விரித்து அவர்களை வரவேற்பாள். பழைய துரை பங்களாவில் கணப்பின் முன்னே தேநீர், கிரகரி வாவியிற் படகுச் சவாரி, இரவில் மெழுகுவர்த்தி ஒளியிற் பிறந்தநாட் கேக். மறுநாட் காலை கொழுந்து பறிக்கும் பெண்ணொருத்தி புகைப்படத்துக்காகச் சிரிப்பாள். அவளுடைய பெயர் கட்டுரையில் இராது. அவளது சிரிப்பு மட்டும் கடைசிப் பந்தியில் இருக்கும்.

இருவர் மகிழ்ந்திருப்பதைக் குறைகூற நாம் இதனை எழுதவில்லை. ஆறு நாள் உழைத்தவன் ஏழாம் நாள் மலைக்காற்றைச் சுவாசிக்க விரும்புவது இயல்பு. மனைவியின் பிறந்தநாளை நினைவிலிருத்தி அவளை அழைத்துச் செல்லும் கணவனை வாழ்த்தத்தான் வேண்டும். நாம் ஆராய முற்படுவது அந்த மகிழ்ச்சி எழுத்தாகும்போது எதைக் காண்கிறது, எதைக் காண மறுக்கிறது என்பதையே. இவ்வெழுத்து வாரமலரோடு நின்றுவிடவில்லை. நமது வகுப்பறைக்குள்ளும் புகுந்துவிட்டது. 'நுவரெலியாவில் ஒரு நாள்' என்று ஆசிரியர் தலைப்புக் கொடுத்தால், கொட்டகலையிலும் தலவாக்கலையிலும் லயத்துக் காம்பராவிலிருந்து பாடசாலைக்கு வரும் பிள்ளைகூட 'மலைமகள் பச்சைப் பட்டுடுத்தி நின்றாள்' என்றே தொடங்குகிறது. தாய் விடியற்காலையில் எந்த மலைக்குக் கொழுந்தெடுக்கச் சென்றாள் என்பதை அப்பிள்ளை அறியும். ஆனால் அதனை எழுதுவது கட்டுரையாகாது என்று எங்கோ கற்றுக்கொண்டுவிட்டது. தன் வீட்டுப் பின்புறத்தை விருந்தாளியின் கண்கொண்டு பார்க்க ஒரு பிள்ளையைப் பழக்கிவிட்ட மொழிநடையை ஆராயாது விடலாகாது.

இந்நடைக்கு ஒரு பரம்பரை உண்டு. நோயுற்ற உடலைத் தேற்றிக்கொள்ள நுவரெலியாவுக்கு வந்த சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர், குளிரிலே நலம்பெற்று, 1848ஆம் ஆண்டில் அங்கு ஓர் ஆங்கிலக் கிராமத்தையே அமைக்க முனைந்தார். தமது இலங்கை வாழ்வைப் பற்றி 1855இல் ஒரு நூலும் வெளியிட்டார். பின்னர் தேசாதிபதி கிரகரி 1873இல் வாவியை ஆக்குவித்தார். 1876இல் 'ஹில் கிளப்' தோன்றி, நெடுங்காலம் வெள்ளையருக்கே உரிய கழகமாக இருந்தது. சமவெளியின் வெப்பத்திலிருந்து தப்பி வந்தவரின் பார்வை அன்றே உருவாகிவிட்டது. அப்பார்வைக்கு மலை ஒரு மருந்து. அங்கு வாழ்பவர் மருந்துப் போத்தலின் மேல் ஒட்டிய படம். ஆட்சி மாறிய பின்னரும் அந்தப் பார்வை மாறவில்லை. துரை அமர்ந்த நாற்காலியில் இன்று நாம் அமர்ந்து, அவர் கண்ட காட்சியையே நமது மொழியில் எழுதுகிறோம்.

'பச்சைக் கம்பளம்' என்ற உவமையைச் சற்று நின்று நோக்குவோம். தேயிலையை அதன் போக்கில் வளரவிட்டால் அது பெரு மரமாக உயரும். இடுப்பளவில் நின்று, மலை முழுவதும் ஒரே தளமாகத் தோன்றுவதற்கு, சில ஆண்டுகளுக்கொருமுறை கவ்வாத்துக் கத்தி அதனை வெட்டவேண்டும். ஏறத்தாழ வாரத்துக்கொருமுறை அதே செடியிடம் அதே கைகள் திரும்பி வந்து இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளவேண்டும். மட்டக்கம்பைச் செடியின் மேல் வைத்து, அதற்கு மேலே நிற்பதை மட்டும் பறிக்கவேண்டும். உல்லாசப் பயணி வியக்கும் அந்தச் சமதளம் மட்டக்கம்பின் வேலை. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டதிலிருந்து ஒரு வாரமேனும் ஓயாது நடந்துவரும் வேலை அது. கம்பளம் என்று கூறியவர் தம்மை அறியாமலே ஓர் உண்மையைத் தொட்டுவிட்டார். கம்பளம் தானாக முளைப்பதன்று, நெய்யப்படுவது. நெய்தவர் யார் என்று அடுத்த வாக்கியம் கேட்டிருந்தால் அவ்வுவமை இலக்கியமாகியிருக்கும். கேளாமையால் அது விளம்பரமாயிற்று.

கம்பளத்தின் மேல் நிற்பவருக்கு ஒரு காட்சி; அதனுள் நிற்பவருக்கு வேறொன்று. இடுப்பிற் படங்கைச் சுற்றிக்கொண்டு ஈரச் செடிக்குள் நிற்பவள் அறிவது அட்டைக்கடியும், கூடையின் கனமும், கொழுந்து மடுவத்துத் தராசுமே. நாளொன்றுக்குப் பறிக்கவேண்டிய நிறை தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபடினும் 18 கிலோவை ஒட்டியே நிற்கிறது. குறைந்தால் 'அரைப்பேர்'. ஒரு நாள் முழுவதும் மலையில் நின்றவளைப் பாதி மனுஷியாகப் பதிவுசெய்யும் இச்சொல்லுக்கு ஈடான ஒரு விமரிசனத்தை எந்தப் புலவனும் எழுதியதில்லை. நாட்சம்பளத்தை 1,000 ரூபாவாக்க நெடிய போராட்டம் நடந்தது. அது கிடைத்தது 2021இல். 2024இல் அது 1,350 ரூபாவாயிற்று. அதே காலத்தில் உயர்தரப் பங்களா விடுதிகளில் ஓர் இரவுக் கட்டணம் பல நூறு டொலர். இவ்விரு எண்களையும் ஒரே பக்கத்தில் அச்சிட்ட பயணக் கட்டுரை ஒன்றையும் நாம் கண்டதில்லை.

பங்களாவின் முன்றிலிலிருந்து தெரியும் நீர்ப்பரப்பையும் இவ்வாறே நோக்கவேண்டும். ஹற்றனுக்கு அண்மையிலுள்ள காசல்ரீ நீர்த்தேக்கத்தின் கரைகளிற் பழைய துரை பங்களாக்கள் 2005 முதல் உல்லாச விடுதிகளாகியுள்ளன. கட்டுரையாளர் அதனை இயற்கை தந்த ஏரி என வருணிப்பார். அது மின்சாரத்துக்காக 1965இல் அமைந்த தேக்கம். அதனை அடுத்துள்ள மவுசாக்கலைத் தேக்கத்தின் அடியிற் பழைய மஸ்கெலியா நகரமே கிடக்கிறது. கடும் வரட்சியில் நீர் வற்றும்போது அதன் கோயில்கள் வெளியே தெரியும். இந்நீர் பிறப்பித்த மின்சாரம் நாடெங்கும் சென்றது. தேக்கத்தைச் சூழ்ந்த லயங்கள் பலவற்றிலோ அதன் பின்னரும் நெடுங்காலம் குப்பிவிளக்கே எரிந்தது. பங்களாவாசி காதலோடு கேட்கும் மழைக்கும் இரு பொருள் உண்டு. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் ஊவாவில், கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில், அம்மழை மலையைச் சரித்து லயங்களை மண்ணுக்குள் புதைத்தது.

இனிப் பிறந்தநாளுக்கு வருவோம். நமது வாதத்தின் உயிர்நிலை இதுவே. மலைநாட்டிற் பிறந்தநாள் என்பது கேக் வெட்டும் நாளாக இருந்ததில்லை. சட்டத்தின் முன் நிறுவவேண்டிய வழக்காக இருந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவ்வாண்டு நவம்பர் 15ஆம் திகதிக்கு முன் இந்நாட்டிற் பிறந்தவனை நோக்கி, 'நீ பிறந்தது போதாது. உன் தந்தை இங்கே பிறந்தானா? அன்றேல் உன் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தனரா?' என வினவியது. பாட்டனின் பிறப்புக்குப் பத்திரம் காட்ட லயத்தில் யாரால் இயலும்? பத்து அடிக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவிற் பிறந்து, அதே காம்பராவிற் பிள்ளை பெற்றவள், தான் எந்நாட்டவள் என்பதற்குச் சான்றில்லாதவளானாள். 1964 ஒக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இற் பாதிக்குப் பாதியாகப் பிரிக்கப்பட்டனர். எஞ்சி நின்றோரின் நாடற்ற நிலையைத் தீர்க்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரவேண்டியிருந்தது. ஐம்பத்தைந்து ஆண்டுகள்! பிறந்ததைக் கொண்டாடும் இருவர், பிறந்ததையே குற்றமாக்கிய மண்ணில் நிற்கின்றனர் என்பது அவர்கள் மகிழ்ச்சியைக் கெடுப்பதற்காக நாம் கூறும் செய்தியன்று. அந்த மண்ணைப் பற்றி எழுத அவர்கள் பேனா எடுத்தால் அறிந்திருக்கவேண்டிய முதற் செய்தி அதுவாகும்.

இவற்றை அறிந்த எழுத்து தமிழிலும் மலைநாட்டிலும் இல்லாமலில்லை. புதுமைப்பித்தன் 1935இல் 'துன்பக்கேணி'யை எழுதினார். கோகிலம் சுப்பையா 1964இல் வெளியிட்ட நாவலுக்குத் 'தூரத்துப் பச்சை' என்று பெயரிட்டார். தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி என்னும் பழமொழி நாம் இதுவரை கூறிய அனைத்தையும் இரு சொல்லில் அடக்கிவிடுகிறது. அன்று அப்பச்சையைக் காட்டித் தமிழகத்துக் கிராமத்தானைக் கங்காணி அழைத்துவந்தான். இன்று அதே பச்சையைக் காட்டி விளம்பரம் உல்லாசப் பயணியை அழைக்கிறது. சி. வி. வேலுப்பிள்ளை 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றத்துக்குத் தெரிவானவர். அவரைத் தெரிந்த மக்களின் வாக்குரிமை அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் பறிபோயிற்று. அவர் பின்னர் எழுதிய ஆங்கில நூலொன்றின் பெயருக்கு 'உழைக்கப் பிறந்தவர்' என்பது பொருள். பிறந்தநாள் பற்றி மலைநாடு எழுதிய மிகச் சுருக்கமான வரலாறு அத்தலைப்பே எனலாம்.

ஆயின் நமது பக்கத்துக் குறையையும் மறைக்கலாகாது. முற்போக்கின் பெயரால் எழுந்த மலைநாட்டுக் கதைகள் சிலவற்றிற் கொழுந்தெடுப்பவள் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை அழுதுகொண்டேயிருக்கிறாள். பயணக் கட்டுரையில் அவள் சிரிக்கும் படம். நமது கதையில் அவள் அழும் படம். இரண்டும் படங்களே. இரண்டும் வீதியோரத்தில் வாகனத்தை நிறுத்தி எடுத்தவை. என். எஸ். எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' நிலைத்து நிற்பதற்குக் காரணம், கொழுந்தெடுப்பதைக் கைத்திறனும் தன்மானமும் உள்ள ஒரு தொழிலாக அது உள்ளிருந்து அறிந்திருப்பதே. இரக்கம் தூரத்திலிருந்தும் பிறக்கலாம். அறிவு அருகிற் செல்லாமற் பிறவாது.

அருகிற் சென்றவர் இன்னொன்றையும் காண்பர். மலைநாட்டுக்குத் தன் சொந்தத் தம்பதியர் உண்டு. மாசி மாதத்திற் காமன் கம்பம் நட்டு, ரதி மன்மதன் கதையைத் தோட்டத் தொழிலாளர் இரவிரவாக ஆடுவர். பகலிற் பேர் போட்டு வேலைசெய்த கால்கள் இரவிலே சலங்கை கட்டும். சிவனது கண் மன்மதனை எரித்த பின் ரதி ஒப்பாரி வைப்பாள். அவன் அவள் கண்ணுக்கு மட்டும் தெரியுமாறு வரம் பெறுவாள். எரிந்தானா, எரியவில்லையா என்று இலாவணிப் பாடகர் வழக்காடுவர். பங்களாவிற் பிறந்தநாட் கேக் வெட்டும் இருவருக்கும் கீழே காமன் பொட்டலில் ஆடும் இருவருக்கும் இடையே உள்ள தூரம் அரை மைல்தான். காதலும் களிப்பும் ஓய்வும் மேலேயிருந்து வந்தவருக்கே உரியன என்று எண்ணும் எழுத்து அந்த அரை மைலை ஒருபோதும் கடப்பதில்லை.

கடக்கமுடியாத தூரமா அது? கலிபோர்னியாவின் திராட்சைத் தோட்டங்களை நினைத்துப் பார்க்கலாம். அங்கும் திராட்சை இரசம் பருகிப் பிறந்தநாள் கொண்டாடத் தம்பதியர் செல்வர். அங்கும் கொடிகள் அழகே. 1965இல் டெலானோவிற் பிலிப்பினோத் தொழிலாளர் தொடங்கி மெக்சிக்கத் தொழிலாளர் இணைந்த வேலைநிறுத்தம், ஐந்து ஆண்டு நீடித்து, 1970இல் ஒப்பந்தத்தில் முடிந்தது. அதன் வெற்றிக்குப் பெருந்துணை, தொலைநகரங்களில் திராட்சை வாங்குவோர் வாங்க மறுத்தமையாகும். பழத்தின் பின்னே கையுண்டு என்பதை உண்பவர் அறிந்தால் உலகம் சிறிது அசையும் என்பதற்கு அது சான்று. தேநீர் அருந்தும் நமக்கு அந்தப் பாடம் இன்னும் பாக்கியிருக்கிறது.

ஆகவே ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் நாம் கூறக்கூடியது இதுதான். நுவரெலியாவுக்குச் செல்லுங்கள், மகிழ்ந்திருங்கள், வாவியிற் படகு விடுங்கள். திரும்பி வந்து எழுதும்போது மூடுபனியையும் எழுதுங்கள், அது பொய்யன்று. ஆனால் சிரித்த பெண்ணின் பெயரைக் கேட்டு எழுதுங்கள். அவள் படத்துக்கு நின்ற நேரத்திற் கூடையிற் குறைந்த நிறை யார் கணக்கில் விழுந்தது என்பதையும் கேளுங்கள். கட்டுரைக்குத் தலைப்புக் கொடுக்கும் ஆசிரியர், 'நுவரெலியாவில் ஒரு நாள்' என்பதற்குப் பதிலாக 'என் அம்மாவின் ஒரு நாள்' என்று ஒருமுறை கொடுத்துப் பார்க்கட்டும். லயத்துப் பிள்ளை மலைமகளை மறந்து, பிரட்டுக்களத்தின் விடியலையும் தராசுக்காரரின் முகத்தையும் தன் சொந்தச் சொற்களில் எழுதத் தொடங்கும். நாட்டில் எவருக்கும் குறையாத அழகுணர்ச்சி அந்தப் பிள்ளைக்கும் உண்டு; அதன் தாய்க்கும் உண்டு. அவளும் ஒரு நாள் சம்பளம் இழக்காமல், வேலையில்லாத ஒரு காலையில், தான் வளர்த்த பச்சையை அமர்ந்து பார்க்கவேண்டும். தன் பிறந்தநாளன்று பார்த்தால் இன்னும் நன்று.